குப்பாத்தாளின் எடை

மாராத்தாள் தன் வலது கையின் நான்கு விரல்களையும் சேர்த்து, குழந்தையின் அரைஞாண் கயிற்றுக்குள் நுழைத்துக் காட்டினாள். கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று.

“வந்த அன்னைக்கு ரெண்டு விரல்தானுங்க போச்சு. இன்னைக்கு என்ற கையே போகுதுங்க.”

என் கையில் குழந்தையின் எடை அட்டை இருந்தது. ஒன்பது நாளில் எட்டு அவுன்ஸ் ஏற்றம். ஒருநாள்கூட இறக்கம் இல்லை. கோடு, மேட்டில் ஏறும் வண்டித்தடம் போல அழகாக ஏறிக்கொண்டிருந்தது.

“அம்மணி, எடை ஏறியிருக்குதுங்க. கயிறு நனைஞ்சு நெகிழ்ந்திருக்கும்” என்றேன்.

“உங்க தராசு பொய் சொல்லாதுங்க, சரி. என்ற கயிறு மட்டும் பொய் சொல்லுமுங்களா?”

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எட்டேகால் மணி. முப்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று, குழந்தைகள் வார்டின் ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டே இருந்தது. பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வருவார். வந்ததும் இந்தக் குழந்தை டிஸ்சார்ஜ். அட்டையில் சிவப்பு மையில் எழுதியாகிவிட்டது.

இந்தத் தொடரில் நான் சரியாகச் செய்த காரியங்களை மட்டுமே எழுதி வருகிறேன் என்று உடுமலை வாசகர் ஒருவர் குறைப்பட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். இந்த வாரம் அவருக்குத் திருப்தியாக இருக்கும்.

மூன்று படிகள்

கோயமுத்தூரில் நான் பயிற்சி பெற்ற ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி டாக்டர்கள் மூன்று பேர். மூன்று பேரும் ஒன்றல்ல, மூன்று படிகள்.

எனக்கு முன்பே ஊருக்குக் கப்பலேறிவிட்ட ஒரு வெள்ளைக்கார டாக்டர், எந்தப் படிக்கு என்ன வேலை என்று டைப் அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு வார்டு வாசலில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அது இன்றும் மனப்பாடம்.

முதல் படியில் இருப்பவன் எடை போடுவான், காய்ச்சல் பார்ப்பான், எத்தனை தடவை வயிறு போயிற்று, என்ன நிறம் என்று பார்ப்பான், எத்தனை அவுன்ஸ் பால் குடித்தது என்று அளப்பான். எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுவான். அபிப்பிராயம் சொல்லமாட்டான்.

இரண்டாம் படி, பென்சிலில் எழுதியதைச் சரிபார்த்து அதன்மேல் நீல மையில் எழுத வேண்டும். தோலுக்கடியில் உப்புநீர் ஏற்றலாம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கலாம், பாலின் அடர்த்தியை ஒரு தரம் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். அதற்குமேல் கூடாது.

மூன்றாம் படிக்குச் சிவப்பு மை. சேர்ப்பதும் அனுப்புவதும் அவர் வேலை. பெரிய டாக்டர் எதுவும் எழுதமாட்டார். செவ்வாயும் வெள்ளியும் வந்து, சொல்லிவிட்டுப் போவார்.

காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. கீழே இருப்பவன் தப்பு செய்தால் மேலே இருப்பவன் கண்டுபிடிப்பான் என்பது அதன் தாத்பரியம். நடைமுறையில் நேர்மாறாக இருந்தது. மேலே ஒருவர் பார்க்கிறாரே என்று கீழே இருப்பவன் நிம்மதியாக இருந்தான். கீழே ஒருவன் பார்த்துவிட்டானே என்று மேலே இருப்பவர் நிம்மதியாக இருந்தார். பென்சில் நீலத்தை நம்பியது. நீலம் பென்சிலை நம்பியது. சிவப்பு இரண்டையும் நம்பியது. இத்தனை நம்பிக்கையை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை.

அப்போது நான் முதல் படி. எனக்கு மேலே முத்துசாமி. என்னைவிட ஒரு வருஷம் மூத்தவர், தாராபுரம் பக்கம். மூன்றாம் படியில் வேலாயுதம். நல்ல படிப்பாளி. அட்டையைப் படித்தாரென்றால் அதிலேயே மூழ்கிவிடுவார். அட்டை தொங்கும் கட்டிலில் ஒரு குழந்தை இருக்கிறது என்று யாராவது ஞாபகப்படுத்த வேண்டும்.

தராசு டாக்டர்

மற்ற இடங்களில் எடை போடுவது நர்சுகளின் வேலை. எங்கள் சட்டத்தில் அது டாக்டரின் வேலை. அதனால் வார்டில் தாய்மார்கள் என்னைத் ‘தராசு டாக்டரு’ என்றார்கள். முத்துசாமிக்கு ‘ஊசி டாக்டரு’ என்று பெயர். வேலாயுதத்துக்குப் பெயரே வைக்கவில்லை.

நான் அந்தப் பெயருக்கு வெட்கப்படவில்லை. சொல்லப்போனால் கர்வப்பட்டேன். தினமும் காலை எட்டு மணிக்கு, பால் கொடுப்பதற்கு முன், ஒரே வரிசையில் பன்னிரண்டு குழந்தைகள். தராசுத் தட்டில் நான்காக மடித்த துணி. அரை அவுன்ஸ் வித்தியாசம்கூட என் பென்சிலுக்குத் தப்பாது. அந்தக் காலத்து டைரிகளை இப்போதும் பிரித்துப் பார்க்கிறேன். ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது.

எடை போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ‘துணியில்லாமல் எடை போடவும்’ என்று சட்டம் சொல்கிறது. துணியை அவிழ்த்துவிடலாம். நம் பக்கத்துக் குழந்தையின் உடம்பில் துணி மட்டுமா இருக்கிறது? அரைஞாண், தண்டை, காப்பு. சீக்காகக் கிடக்கும் குழந்தையின் அரைஞாணை அவிழ்க்கச் சொன்னால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? போதாக்குறைக்கு எங்கள் நர்ஸ் சிஸ்டர் கிரேஸ், குளிர் தாக்கக்கூடாது என்று வயிறு போகிற குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றைச் சுற்றித் தடித்த துணியில் ஒரு கட்டுக் கட்டிவிடுவார். அதைப் பிரிக்கக்கூடாது.

சட்டத்தில் இதற்கு வழி இல்லை. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

என் தகப்பனாருக்குப் பஞ்சு வியாபாரம். மண்டியில் பொதியை எடை போட்டால், சாக்கின் எடையைக் கழிவு என்று கழித்துவிடுவார்கள். அதே கணக்கை வார்டில் கொண்டுவந்தேன். குழந்தை சேர்ந்த அன்று, அரைஞாணுக்கும் தண்டைக்கும் அதே மாதிரி இன்னொன்றை வைத்தும், வயிற்றுக்கட்டைக் கட்டும் முன்பேயும், எடையைக் குறித்துக்கொள்வது. பிறகு தினமும் மொத்த எடையிலிருந்து அதைக் கழிப்பது. முத்துசாமியே ஆச்சரியப்பட்டுப் போனார். வேலாயுதம் சிவப்பு மையில் ஒரு ‘சரி’ போட்டார்.

என் தகப்பனாரின் மண்டியில் இன்னொரு விஷயமும் நான் பார்த்து வளர்ந்ததுதான். ஒரு தடவை சாக்கை எடை போட்டு வைத்துக்கொண்டு அடுத்த நாளும் அதே கழிவைக் கழிக்கிற ஆளை அங்கே மண்டிக்குள்ளேயே விடமாட்டார்கள். பொதிக்குள் கல் இருக்கும். இது எனக்கு எட்டு வயதில் தெரியும். இருபத்தைந்து வயதில், டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, மறந்துபோயிற்று.

பெருந்துறைப் பக்கத்துக் குழந்தை

மாராத்தாளின் ஊர் பெருந்துறைக்குத் தெற்கே நான்கு மைல். கிணற்றுப் பாசனத்தில் பருத்தியும் கம்பும் போடுகிற குடும்பம். கணவன் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை என்று மறுநாளே ஊருக்குத் திரும்பிவிட்டான்.

குழந்தைக்கு ஒன்பது மாதம். பெயர் குப்பாத்தாள். இதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதைப் பிறந்த உடனே குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, எமனுக்குக்கூட வேண்டாத சாமான் என்று அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். மாராத்தாளுக்கு ஒரு காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டது. அதன்பின் ஊரில் யார் யாரோ சொன்னதைக் கரைத்துக் கொடுத்து, வயிறு போய், குழந்தை வற்றலாக வந்து சேர்ந்தது. பதினோரு பவுண்டு நான்கு அவுன்ஸ். கழிவு ஆறு அவுன்ஸ் போக.

முதலில் வயிற்றுப்போக்கை நிறுத்த வேண்டும். அதனால் பால் ஒரு பங்கு, பார்லித் தண்ணீர் இரண்டு பங்கு. நான்காம் நாள் வயிறு நின்றது. எடை ஏறாவிட்டால் பாலைக் கூட்ட வேண்டும். எடை ஏறினால் இருப்பதையே தொடர வேண்டும். இது எங்கள் வார்டின் பொன்விதி.

எடை ஏறியது. இரண்டாம் நாள் ஓர் அவுன்ஸ். நான்காம் நாள் இரண்டு. ஐந்தாம் நாள் பெரியப்பன் பார்க்க வந்திருந்தான். மறுநாள் ஒரேயடியாக மூன்று. நானே கைதட்டாத குறை.

ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதல்லவா? ஏழாம் நாள் காலையில் குழந்தையின் நெற்றிப்பொட்டு குழி விழுந்திருந்தது. அழுகை பூனைக்குட்டியின் சத்தம் போலத் தேய்ந்திருந்தது. குறிப்பு எழுதும் இடத்தில், ‘எடை ஏறினும் இளைத்ததுபோல் தோன்றுகிறது’ என்று பென்சிலில் எழுதினேன்.

முத்துசாமி அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ரப்பரை எடுத்தார்.

“ஏப்பா, அரை அவுன்ஸ் பிசகாம எடை போடற. அது ஏறியிருக்குதுன்னும் நீயே எழுதற. அப்பறம் இளைச்சுதுன்னும் நீயே எழுதற. எதை நான் நீல மையில எழுதறது?”

“பாத்தா அப்படித் தெரியுதுங்க.”

“தெரியறதெல்லாம் என்ற படி. உன்ற படியில எண்ணு மட்டுந்தான்.”

அழித்துவிட்டு ரப்பர் தூளை ஊதினார். எனக்குக் கோபம் வரவில்லை. இதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காத விஷயம். கோபம் வரவில்லை; அவர் சொன்னது நியாயம் என்று தோன்றியது. என் கண்ணைவிட என் எண்ணை நான் அதிகமாக நம்பினேன்.

எட்டாம் நாள் வேலாயுதம் அட்டையைப் படித்தார். ‘திருப்தியான முன்னேற்றம். வெள்ளியன்று அனுப்பலாம். வீட்டில் இதே பால்.’ சிவப்பு மை.

இதே பால் என்றால், ஒரு பங்கு பாலும் இரண்டு பங்கு பார்லித் தண்ணீரும். அதைக் குடித்துக்கொண்டு அந்தக் குழந்தை பெருந்துறைக்குப் போனால் எத்தனை நாள் இருக்கும் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். அப்போது மாராத்தாளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கட்டைப் பிரித்தபோது

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். “கயிறு மட்டும் பொய் சொல்லுமுங்களா” என்று அவள் கேட்டாள் அல்லவா? அது என்னைச் சுருக்கென்று தைத்தது. குழந்தையின்மேல் வந்த கவலை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் என் தராசைச் சொல்லிவிட்டாளே என்ற ரோஷம்.

உடனே மருந்துக்கொட்டடிக்குப் போய், மருந்து கலக்கும் கம்பவுண்டரிடம் அவருடைய எடைக்கற்களைக் கேட்டு வாங்கி வந்து, என் தராசைச் சோதித்தேன். ஒரு பவுண்டு, ஒரு பவுண்டாக நின்றது. நான்கு அவுன்ஸ், நான்கு அவுன்ஸாக நின்றது. தராசு சரி. கயிற்றைப் பார்த்தேன். புதிதல்ல, நெகிழவுமில்லை, சேர்ந்த அன்று இருந்த அதே முடிச்சு.

இரண்டும் சரியென்றால் தப்பு நடுவில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தது என் கழிவு.

“அம்மணி, வயித்துக்கட்டைப் பிரிக்கோணுமுங்க” என்றேன்.

மாராத்தாள் குழந்தையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சிஸ்டரம்மா பிரிக்கக் கூடாதுன்னாங்க என்றாள். நான் சிஸ்டரிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். குளிர்காற்று அடிக்குது என்றாள். ஜன்னலைச் சாத்தினேன். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

“சிஸ்டரம்மா கிட்டச் சொல்ல மாட்டீங்களே?”

“மாட்டேனுங்க.”

குழந்தையைக் கொடுங்கள் என்று கையை நீட்டி வாங்கினேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒன்பது நாளில் அந்தக் குழந்தையை நான் தூக்குவது அதுதான் முதல் தடவை. வேற்று ஆள் தூக்கினால் அழுகிறது என்று தட்டில் வைப்பதும் எடுப்பதும் மாராத்தாளே செய்துவந்தாள். நான் கல்லை வைப்பேன், குனிந்து முள்ளைப் பார்ப்பேன், எழுதுவேன். கையில் வாங்கியதும் தெரிந்துவிட்டது. தலைப்பக்கம் பஞ்சு மாதிரி இருந்தது. இடுப்புப் பக்கம் கனத்தது.

கட்டின் மடிப்புகளுக்குள் அவள் உட்புறமாகப் பைகள் தைத்திருந்தாள். சுத்தமான தையல். அன்றைய டைரியில் நான் எழுதியிருப்பது இது: ‘குதிரை லாடம், தேய்ந்தது, ஒன்று, ஐந்து அவுன்ஸ். ஈயக் குப்பித் தாயத்து, மூன்று அவுன்ஸ். எழுத்துப் பொறித்த செப்புத் தகடு, சுருட்டியது, மூன்றும் சேர்த்து இரண்டு அவுன்ஸ். தோல் உறையிட்ட தாயத்து, ஒரு அவுன்ஸ். புற்றுமண் பொட்டலம், இரண்டு அவுன்ஸ். ஆகப் பதின்மூன்று அவுன்ஸ்.’

பதின்மூன்றைக் கழித்தேன். பத்துப் பவுண்டு பதினைந்து அவுன்ஸ். சேர்ந்த அன்றைவிட ஐந்து அவுன்ஸ் குறைவு. ஒன்பது நாளாகக் குழந்தையை எங்கள் கண் முன்னால் பட்டினி போட்டுக்கொண்டு, முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறோம்.

லாடம், அந்தியூர்ச் சந்தையிலிருந்து பெரியப்பன் கொண்டுவந்தது. ஈயக் குப்பி தாய்மாமன். தகடுகள் அத்தை வீட்டு வகை. தோல் தாயத்து, கோட்டைமேட்டில் ஒரு பெரியவர் ஓதிக் கட்டியது. அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பீவியம்மாள், தன் பேரனுக்கு வாங்கும்போது இதற்கும் ஒன்று வாங்கி வந்திருந்தாள். புற்றுமண் மட்டும் மாராத்தாள் தானாகக் கேட்டு வரவழைத்தது.

ஒளித்து வைத்த காரணமும் தெரிந்தது. சிஸ்டர் கிரேஸ் தாயத்தைக் கண்டால் அறுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். கிருமி என்பார். வெளியில் கட்டியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும். எங்களுக்குப் பயந்து உள்ளே போயிற்று.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் கத்தினேன்.

“ஏனுங்க அம்மணி, இத்தனையும் வெச்சு எடை போட்டா எடை எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?”

அவள் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

“எடை எதுக்குன்னு யாருங்க எனக்குச் சொன்னீங்க? கோயில்ல எடைக்கு எடை வெல்லம் குடுக்கறாப்பல, ஆசுபத்திரியில எதோ வேண்டுதலைன்னு நெனச்சேனுங்க. அதை வெச்சுத்தான் பாலை ஊத்தறீங்கன்னு தெரிஞ்சா நானே அவுத்துப் போட்டிருக்க மாட்டனுங்களா?”

பிறகு லாடத்தை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னாள்.

“இதுல ஒண்ணாவது கேக்காதான்னுதானுங்க.”

எடை எதற்கு என்று தாயிடம் சொல்வது எந்தப் படியின் வேலை என்று அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் இல்லை.

ஏணி

மணி ஒன்பதே முக்கால். முத்துசாமியைத் தேடிப் பிடித்தேன். அவர் லாடத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது. ஒன்பது நாளும் என் பென்சிலின்மேல் சரிபார்த்ததாக நீல மையில் எழுதியவர் அவர். அடுத்த மாதம் அவர் மூன்றாம் படிக்கு ஏற வேண்டும். பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும்.

“இத பாரு, அவசரப்படாத. குழந்தைக்குக் காய்ச்சல் காயுதுன்னு இன்னைக்கு டிஸ்சார்ஜை நிறுத்திரலாம். நாளையிலிருந்து அட்டையில எடையை ரெண்டு ரெண்டு அவுன்சா இறக்கி எழுதிரலாம். ஒரு வாரத்துல சரியான எடைக்கு வந்துரும். அப்பறம் நானே பாலைக் கூட்டிப்போடறேன். யாருக்கும் வம்பில்ல.”

“அந்த ஒரு வாரம் குழந்தை என்னத்தக் குடிக்கறதுங்க?”

முத்துசாமி கெட்டவர் அல்ல; பின்னாளில் நல்ல டாக்டராகப் பேர் வாங்கினார். அன்று அவரிடம் இருந்தது பயம். என்னிடமும் இருந்தது. ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், அவர் சொன்ன கணக்கை நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். தினம் இரண்டு அவுன்ஸ் என்றால் ஏழு நாள். கோடுகூட அழகாகத்தான் இறங்கும்.

பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். ஏழாவது கட்டிலில் வேலாயுதம் அட்டையை ஆங்கிலத்தில் வாசித்தார். எட்டு அவுன்ஸ் ஏற்றம், வயிற்றுப்போக்கு நின்றது, வீட்டுக்கு அனுப்புகிறோம். பெரிய டாக்டர் தலையை அசைத்துவிட்டு எட்டாவது கட்டிலை நோக்கித் திரும்பினார்.

மாராத்தாள் மூட்டையைக் கட்டிவைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் வேறு யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“எடை தப்புங்க சார்” என்றேன்.

எல்லோரும் நின்றார்கள். முதல் படியில் இருப்பவன் ரவுண்ட்ஸில் கேட்டால் ஒழியப் பேசுவதில்லை. நான் லாடத்தை நீட்டினேன். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கழிவு என் யோசனை, தப்பு என்னுடையது, குழந்தை ஐந்து அவுன்ஸ் இளைத்திருக்கிறது, பாலைக் கூட்ட வேண்டும் என்றேன். கடைசி வாக்கியம் என் படியைச் சேர்ந்தது அல்ல.

பெரிய டாக்டர் தஞ்சாவூர்க்காரர். கோபம் வந்தால்தான் தமிழுக்கு வருவார்.

“நீர் எந்தப் படியில் நிற்கிறீர்?”

“முதல் படிங்க.”

“இதை முதலில் யாரிடம் சொல்லியிருக்கணும்?”

முத்துசாமியிடம் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். சொன்னால் விசாரணை இன்னும் நீளும். பால் இன்னும் தாமதமாகும். அந்த அவசரம்தான்.

அடுத்து அவர் பேசியது முழுவதும் ஒழுங்கைப் பற்றி. ஏணி எதற்கு இருக்கிறது, இரண்டு படியைத் தாண்டிக் குதிப்பவன் எப்படி விழுவான், தாய்மார்கள் முன்னால் ஆஸ்பத்திரியின் மானத்தை வாங்குவது எப்பேர்ப்பட்ட காரியம். என் கைக்கடிகாரப்படி நான்கு நிமிஷம். பிறகு வேலாயுதத்திடம், பாலைச் சரிபாதியாக்கி மூன்று நாளில் முழுப்பாலுக்குக் கொண்டுவாரும், இப்போதே உப்புநீர் ஏற்றும் என்றார். அரை நிமிஷம். வேலாயுதம் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். குழந்தையை யாரும் தொடவில்லை.

எனக்கு அதே படியில் இன்னும் மூன்று மாதம் தண்டனை. கழிவைத் தினமும் புதிதாக எடை போட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி டைப் அடித்து ஒட்டினார்கள். முத்துசாமி குறித்த மாதத்தில் மூன்றாம் படிக்கு ஏறினார். பெரிய டாக்டரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது என்னிடம், “உனக்கு ஒரு காப்பி வாங்கித் தாரேன், வா” என்றார். போனேன். இரண்டு பேரும் குடித்தோம்.

ஒரு அவுன்ஸ்

அன்று பதினொரு மணிக்குச் சரிபாதிப் பால் போயிற்று. குடித்ததில் பாதியைக் குழந்தை கக்கியது. மறுநாள் எடை அப்படியே நின்றது. அதற்கு மறுநாள் அரை அவுன்ஸ் இறங்கியது.

அந்த நாட்களில் மாராத்தாள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: சாமான்களையெல்லாம் திரும்பக் கட்டலாமா என்று. எனக்கு வந்த எரிச்சலில் முடியாது என்றுதான் வாயைத் திறந்தேன். அப்புறம், குழந்தைமேல் வேண்டாம் என்று சொல்லி, அத்தனையையும் நானே ஒரு துணியில் முடிந்து, கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் தொங்கவிட்டேன். சிஸ்டர் கிரேஸ் வந்தார். முடிச்சைப் பார்த்தார். பிஸ்கட் டப்பா கையில்தான் இருந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த அம்மாளைப் பற்றி நான் நினைத்திருந்ததில் பாதியை அன்று திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். தினமும் எடை போட்டதும் எண்ணை அவளிடம் சொன்னேன். ஏறினால் நல்லது, இறங்கினால் பாலை மாற்றுவோம் என்று சொன்னேன். இப்படிச் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மற்ற தாய்மார்கள் தாங்களாகவே வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். பீவியம்மாள் தன் பேரனின் எடையைக் கேட்டு மனப்பாடமே செய்துவைத்தாள். என் எட்டு மணி வரிசை அதன்பின் ஒருநாளும் எட்டரைக்கு முன் முடிந்ததில்லை. ஒழுங்கு கெட்டுவிட்டது என்று வேலாயுதம் முணுமுணுத்தார். கெட்டுத்தான் போயிற்று.

குப்பாத்தாள் புரட்டாசி பிறந்த பிறகுதான் ஊருக்குப் போனாள். பதின்மூன்று பவுண்டு, உடம்பில் ஒன்றுமில்லாமல் எடை போட்டது. ஆனால் எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த நாள் அல்ல. சரியான எடை முதன்முதலாக ஏறிய நாள்தான். பாலை மாற்றியதற்கு ஆறாவது நாள்.

நானே குழந்தையைத் தூக்கித் தட்டில் வைத்தேன். முள் நகர்ந்தது. நம்பாமல் எடுத்து மறுபடி வைத்தேன். மூன்றாம் தடவையும் அதே.

“ஒரு அவுன்ஸ் ஏறியிருக்குதுங்க” என்றேன்.

“ஒரு அவுன்ஸுன்னா எத்தனைங்க?”

வாயால் சொல்லத் தெரியவில்லை. பெட்டியிலிருந்து ஒரு அவுன்ஸ் பித்தளைக் கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள்.

“இத்தனூண்டுதானுங்களா?”

“இத்தனூண்டுதானுங்க. நெசமான எடை.”

கையை மூடிக்கொண்டாள். நான் அடுத்த குழந்தைக்குப் போக வேண்டும்; கல் வேண்டும். கேட்கலாம் என்று நின்றேன். அவள் மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது.

மற்றக் குழந்தைகளுக்கு இரண்டு அரை அவுன்ஸ் கற்களைச் சேர்த்து வைத்து எடை போட்டேன். மறுநாளும் அப்படியே.